மூன்றாவது கூப்பாடு

போன மாதம் என் மகள் சென்னையிலிருந்து வயர் இல்லாத இயர்போன் ஒன்று வாங்கி அனுப்பினாள். மொச்சைக்கொட்டை அளவில் ரெண்டு குமிழ். காதில் வைத்தால் விழுந்துவிடுமோ என்று பயந்து, கழுத்து சுளுக்கினவள் மாதிரி தலையைத் திருப்பாமல் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன். போனில் ஒரு பாட்டு முடிந்தால் அடுத்ததை அதுவே போட்டுக்கொள்கிறது. நான் கேட்ட அம்மன் பாட்டு முடிந்து, எதெதுவோ வந்து போய், கடைசியில் ஒரு வெள்ளைக்காரக் கூட்டம் பாட ஆரம்பித்தது. முதலில் ஆண்கள் மட்டும், ரொம்ப மெதுவாக. பாஷை புரியவில்லை. மெட்டு மட்டும் நன்றாகத் தெரிந்த மெட்டாக இருந்தது.

ஒரு தடவை கூப்பிட்டார்கள், நிறுத்தினார்கள். இரண்டாவது தடவை கூப்பிட்டார்கள். நான் கையில் கீரைக் காம்போடு மூன்றாவதுக்காகக் காத்திருந்தேன். அதற்குள் பெண்குரல்கள் பதில் சொல்லிவிட்டன, காதுக்குள்ளேயே, அவ்வளவு பக்கத்தில். நான் பிடுங்கி எறிந்ததில் ஒரு குமிழ் பிரிட்ஜுக்கு அடியில் போய்விட்டது. அதை எடுக்க எனக்கு ரெண்டு நாள் ஆனது. குனிய முடியவில்லை என்று மகளிடம் சொன்னேன். உங்களிடம் சொல்வதற்கென்ன, பயமாக இருந்தது.

அந்தப் பாட்டின் பேரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் நீங்களும் போட்டுக் கேட்பீர்கள். நூறு, நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தி ஐரோப்பாவில் ஒருவர் எழுதிய ஆரட்டோரியோவில் வருவது. ஆரட்டோரியோ என்றால், பைபிளில் வரும் ஒரு கதையை வேஷம் கட்டாமல், நடிக்காமல், நின்ற இடத்தில் நின்றபடி ஒரு பெருங்கூட்டமே மணிக்கணக்கில் பாடித் தீர்ப்பது. நம் ஊர்த் தெருக்கூத்தில் ஆட்டத்தை எடுத்துவிட்டு மீதியை மட்டும் வைத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். அதன் நடுவில், இருட்டில் வழி தவறிய ஜனங்கள் ஆண்டவரை நோக்கி மன்றாடும் ஒரு கோரஸ். எல்லாம் சேர்த்து ஆறு நிமிஷம்தான் இருக்கும். போடிமெட்டுக்கு மேலே ஒரு ஏலத்தோட்டத்தில், தகரக்கூரை சர்ச்சுக்குள் நின்று, நானும் அதைப் பாடியிருக்கிறேன்.

நானும் என்று சொல்லும்போது எனக்கே சிரிப்பு வருகிறது. எழுபதுகளின் கடைசியில் எனக்கு இருபத்திரண்டு வயது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு டீச்சராகப் போயிருந்தேன். ஒரு அறை, ஒரு கரும்பலகை, ஒரு டீச்சர். போடியிலிருந்து ஜீப்பில் ஏறினால், கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றுக்கும் வயிறு ஒரு தடவை மேலே வந்து போகும். முதல் நாள் நான் வாந்தி எடுத்துக்கொண்டே போய் இறங்கியதைப் பார்த்த பிள்ளைகள், அந்த வருஷம் பூராவும் என்னை இரக்கத்தோடுதான் நடத்தினார்கள். எங்களுடையது போடிக்குப் பக்கத்து ராசிங்காபுரத்தில் நிலபுலம் உள்ள குடும்பம். சர்ச்சில் பாடக் கூப்பிடுகிறார்கள் என்று அப்பாவிடம் சொன்னேன். "பாடு. ஆனா கும்புட்டுறாத" என்றார். நானும் அப்படியே ஒப்புக்கொண்டேன். பாட்டே ஒரு மன்றாட்டு என்பதை அவரிடம் சொல்லவில்லை.

கூப்பிட்டது சுகிர்தா சிஸ்டர். கன்னியாஸ்திரி இல்லை, தோட்டத்து ஆஸ்பத்திரி நர்ஸ். நாகர்கோவில் பக்கம், முப்பது வயதுதான் இருக்கும், மூக்கு நுனியில் கோபம். அவர் கவுன் பையில் தர்மாமீட்டர் ஒன்றும், சுதி பார்க்கும் இரும்புக் கவை ஒன்றும் எப்போதும் கிடக்கும். கவையை முழங்காலில் தட்டிக் காதருகே பிடித்தால் ரீங்கரிக்கும். அது ஏதோ வைத்திய சாமான் என்று தோட்டத்தில் பாதிப்பேர் நம்பினார்கள். மாயாண்டி கங்காணி அதைத் தன் மூட்டுவலிக்கு வைக்கச் சொல்லிக் கேட்டு வாங்கி, வலி குறைந்துவிட்டது என்றும் சொன்னார். அதற்கு நன்றியாகவோ என்னவோ, சிஸ்டர் நடத்திய சர்ச் பாட்டுக்குழுவில், அதுதான் கொயர், அவரும் சேர்ந்துவிட்டார். நல்ல கட்டைக்குரல்.

சர்ச்சைக் கட்டிய துரைமார் போகும்போது ஒரு மரப்பெட்டி நிறையப் பாட்டுப் புத்தகங்களை விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். கரையான் தின்றது போக மிஞ்சியவற்றில்தான் சிஸ்டர் இந்தக் கோரஸைக் கண்டுபிடித்தார். சிறுவயதில் அவர் ஊர் சர்ச்சில் கேட்ட பாட்டாம். கிறிஸ்துமஸுக்கு இதைப் பாடியே தீருவது என்று, வார்த்தைகளை அவரே தமிழில் போட்டார். ஆண்கள் "செவிகொடும்" என்று இரண்டு தடவை கூப்பிட வேண்டும். உடனே பெண்களின் கீழ்க்குரல், "இங்கேயே இருக்கிறேன்" என்று ஆண்டவரின் பதிலாக வர வேண்டும். பாட்டின் உயிரே அங்கேதான் இருக்கிறது என்றார் சிஸ்டர். சாமி எப்படிப் பொம்பளைக் குரலில் பேசும் என்று மாயாண்டி கங்காணிக்கு ஒரு சந்தேகம் வந்தது. நம் ஊரில் பாதிச் சாமி பொம்பளைதானே என்று நான் சொன்னதும் அவர் சமாதானமாகிவிட்டார்.

அந்தக் கீழ்க்குரலில் நின்றது நாங்கள் நாலு பேர். எனக்கு வலது கைப்பக்கம் எஸ்தர். காய் பறிக்கிற பெண், என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவள். ஆம்பளைத் தொண்டை என்று தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்தில் அவளைக் கேலி செய்வார்கள். அவள் பாடினால் நான் சாய்ந்திருக்கும் பெஞ்சுப் பலகை அதிரும். நான் எங்கெல்லாம் தடுமாறுகிறேனோ அங்கெல்லாம் முழங்கையால் ஒரு இடி இடிப்பாள். நான் பாடியது எல்லாம் அந்த இடியைப் பிடித்துக்கொண்டுதான்.

பிரச்சினை பதிலில் வந்தது. ஆண்கள் இரண்டு தடவை கூப்பிட்டு நிறுத்துவார்கள். சிஸ்டர் எங்கள் பக்கம் கையை வீசுவார். யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள்.

இதற்கு ஏலக்காட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஏலச்செடி ஆள் உயரத்துக்கு மேல் போகும். காயோ தரையை ஒட்டி, தூரிலிருந்து புறப்படும் சரத்தில் கிடக்கும். பெண்கள் தூருக்குள் குந்தி உட்கார்ந்துதான் பறிப்பார்கள். வெயில் நாளிலேயே பத்தடி தள்ளி இருப்பவள் தெரிய மாட்டாள். மலைமேலிருந்து வரும் மூடுபனி, மஞ்சு என்பார்கள், அது இறங்கிவிட்டால் தன் கையே தெரியாது. அப்போது ஒருத்தரை ஒருத்தர் கூப்பிட்டுக்கொள்வதுதான் வழி. அதற்கு ஒரு சட்டம் உண்டு. கூப்பிடுகிறவர் மூன்று தடவை கூப்பிட வேண்டும். கேட்கிறவர் மூன்றாவதுக்குத்தான் பதில் கொடுக்க வேண்டும். ஏனென்றால் மஞ்சுக்குள் இருக்கிற வேறு ஒன்றும் பேர் சொல்லிக் கூப்பிடும், தெரிந்தவர் குரலிலேயே கூப்பிடும். அதற்கு இரண்டு தடவைக்கு மேல் கூப்பிட வராது. இரண்டாவதுக்கே "ஏன்" என்று கேட்டுத் திரும்பி வராமல் போனவர்கள் கதை லயத்துக்கு ஒன்று இருந்தது. இந்து, கிறிஸ்தவர் என்ற வித்தியாசம் எல்லாம் இதில் கிடையாது.

அப்படி வளர்ந்த தொண்டைகளிடம் போய் இரண்டாவது கூப்பாட்டுக்குப் பதில் பாடு என்றால் எப்படிப் பாடும்? எஸ்தர் தலையைக் குனிந்துகொள்வாள். சிஸ்டர் புத்தகத்தைக் கொண்டுவந்து அவள் மூக்குக்கு நேரே நீட்டி, இதில் இரண்டுதான் இருக்கிறது, மூன்றாவது எங்கே இருக்கிறது காட்டு என்பார். எஸ்தர் ஒருநாள் மெதுவாகச் சொன்னாள்: "எழுதுனவரு மஞ்சு பாத்திருக்க மாட்டாரு சிஸ்டர்."

அந்தப் புத்தகத்தில், சரியாக அந்த இடத்தில், பென்சிலால் இங்கிலீஷில் யாரோ எழுதியிருந்தார்கள். பெண் கையெழுத்து. 'இங்கே காத்திருக்காதே' என்று அர்த்தம். துரைசானிகளுக்கும் இதே வியாதி இருந்திருக்கிறது பார் என்று சிஸ்டர் சிரித்தார். எனக்கும் அன்றைக்குச் சிரிப்புத்தான் வந்தது. மூன்று வாரம் போராடிவிட்டு சிஸ்டர் தோற்றார். ஆண்கள் மூன்று தடவை கூப்பிடலாம் என்று அவரே பாட்டைத் திருத்தினார். அதற்குப் பிறகு எஸ்தரின் குரல் எழும்பியதைக் கேட்டிருக்க வேண்டும் நீங்கள். வெளியே பாலில்லாத கட்டஞ்சாயா ஆற்றிக்கொண்டிருந்தவர்கூட உள்ளே எட்டிப் பார்த்தார்.

டவுனில் படித்த பெண் என்ற திமிர் எனக்கு அப்போது கொஞ்சம் அதிகம். இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டு நிற்கிறார்களே என்று போடிக்கு வரும்போதெல்லாம் தோழிகளிடம் நடித்துக் காட்டுவேன்.

கார்த்திகை பிறந்த சமயம், ஒருநாள் காலை பத்து பதினோரு மணிக்கே மஞ்சு இறங்கியது. எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் சரிவு, அதன் கீழே ஓடை. ஜன்னல் வழியாக வெள்ளை உள்ளே வந்து கரும்பலகை மங்கியது. மஞ்சுக்கு ஒரு வாசனை உண்டு, நனைந்த சாம்பல் வாசனை. பிள்ளைகளை நெருங்கி உட்காரச் சொல்லிவிட்டு ஜன்னலைச் சாத்தப் போனேன். அப்போது வெளியே கூப்பிட்டார்கள்.

"டீச்சர்."

எஸ்தர் குரல். சத்தியமாக அவள் குரல். ஜன்னல் கதவில் வைத்த கை அப்படியே நின்றது. கொஞ்சம் பொறுத்து மறுபடியும் "டீச்சர்" என்றது, முன்னைவிட மெதுவாக. ஏன் எஸ்தர் என்று கேட்க வாய் வரை வந்துவிட்டது. முன்வரிசையில் இருந்த ஒரு சின்னப் பெண் எழுந்து வந்து என் சேலையைப் பிடித்துக்கொண்டாள். "மூணாவது வரட்டும் டீச்சர்" என்றாள். நான் காத்திருந்தேன். ஓடைச் சத்தம் மட்டும் வந்தது. மூன்றாவது வரவில்லை. நான் ஜன்னலைச் சாத்திக் கொண்டியைப் போட்டேன். அதுவரை நான் அடித்த கேலியெல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை. 

சாயங்காலம் மூன்று மணிக்குப் பறித்த காயைக் கொட்ட எல்லோரும் வந்தபோது எஸ்தர் வரவில்லை. மஞ்சு கலையாமல் அப்படியே நின்றது. அவள் பறித்துக்கொண்டிருந்த காட்டை ஒட்டி ஆட்கள் சங்கிலியாக நடந்து, மூன்று மூன்று தடவையாகப் பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தார்கள். அவள் புருஷன் லோடு ஜீப்போடு கீழே போடிக்குப் போயிருந்தான். இருட்ட இன்னும் இரண்டு மணி நேரம்தான் இருந்தது. இருட்டிவிட்டால் அந்தக் குளிரில் விடியும்வரை தாங்க மாட்டாள் என்று சிஸ்டர் சொன்னார். அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். காலையில் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் அவள் என்னைக் கூப்பிட்டாள், நான் பதில் கொடுக்கவில்லை என்றேன். சொல்லும்போது அழுதுவிட்டேன்.

யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மாயாண்டி கங்காணி பக்கத்தில் வந்து, எத்தனை தடவை கூப்பிட்டது என்று மட்டும் கேட்டார். இரண்டு என்றேன்.

"அப்ப அது அவ இல்ல. அந்தப் பக்கம் போக வேணாம்" என்றார்.

ஆட்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். பள்ளிக்கூடத்துச் சரிவை விட்டுவிட்டு, தேடிய காட்டையே மறுபடி தேடப் புறப்பட்டார்கள்.  காலையில் நான் பதில் கொடுக்காதது ஒரு தப்பு. இப்போது நான் உண்மையைச் சொன்னதே அவளைக் கொன்றுவிடும் போலிருந்தது. சிஸ்டர்தான் குறுக்கே நின்றார். அவர்கள் நம்பிக்கையோடு அவர் சண்டை போடவில்லை. இறங்க வேண்டாம், சரிவின் விளிம்பில் நின்று பாட்டைப் பாடுங்கள், போதும் என்றார். ஒரு ஆள் கூப்பிட்டால் ஓடை இரைச்சலில் கரைந்துவிடும், பத்துப் பேர் இழுத்துப் பாடினால் கீழே எட்டும், அவளுக்கு மூச்சிருந்தால் அவள் இடம் அவளுக்குத் தெரியும் என்றார். அதற்குக் கங்காணி சம்மதித்தார்.

பள்ளிக்கூடத்துப் பின்பக்கம், எதிரே ஒன்றுமே இல்லாத வெள்ளையைப் பார்த்துக்கொண்டு ஆண்கள் வரிசையாக நின்றார்கள். சிஸ்டர் கவையை முழங்காலில் தட்டினார். "செவிகொடும்." சர்ச்சுக்குள் எத்தனையோ தடவை கேட்டதுதான். ஆனால் அன்றைக்கு அவர்கள் நிஜமாகவே மன்றாடினார்கள். அப்பாவுக்குக் கொடுத்த வாக்கு அந்த இடத்தில் போயிற்று, நான் கையைக் கூப்பிக்கொண்டேன். "செவிகொடும்" என்று இரண்டாவது தடவை கூப்பிட்டு, மூன்றாவதுக்கு மூச்சு இழுத்தார்கள்.

"இங்கேயே இருக்கிறேன்" என்று கீழேயிருந்து வந்தது.

கீழ்க்குரல், ஒற்றைக் குரல். சுதி விலகவில்லை. மூன்றாவதுக்கு இழுத்த மூச்சை யாரும் வெளியே விடவில்லை. கங்காணி இரண்டு கையையும் விரித்து எல்லோரையும் பின்னால் தள்ளினார்.

"எறங்காதீக. எஸ்தருன்னா மூணாவதுக்குத்தான எடுப்பா? அது அவ இல்ல."

சிஸ்டருக்கு மட்டும் முகம் மலர்ந்திருந்தது. கடைசியில் சரியான இடத்தில் பாடிவிட்டாள் பார் என்று என்னிடம் சொல்லிக்கொண்டே, கவுனைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கிவிட்டார். எனக்குத் தைரியம் வந்ததாக நினைக்காதீர்கள். கங்காணி சொன்னதைத்தான் நான் நம்பினேன். ஆனால் காலையில் ஜன்னலைச் சாத்திய கை என்னுடையது. அந்தக் கையோடு மேலே நிற்க முடியவில்லை. உட்கார்ந்து, சறுக்கி, அட்டைகளை மிதித்துக்கொண்டு நானும் இறங்கினேன். குரல் வந்த திசைக்கு நேராகப் போனோம். முதலில் எஸ்தரின் காய்க்கூடை கையில் தட்டுப்பட்டது, அப்புறம் அவள் கால். பாறைக்கும் செடித்தூருக்கும் நடுவில், இடுப்புவரை தண்ணீரில் கிடந்தாள். இடது கால் மடங்கி ஒடிந்திருந்தது. கண் திறந்திருந்தது, உயிர் இருந்தது. உதடு நீலம் பாய்ந்து, பேச்சு வரவில்லை. நாங்கள் போட்ட சத்தத்தில் ஆட்கள் ஒவ்வொருவராக இறங்கி வந்து, கம்பளியில் கட்டித் தூக்கினார்கள். எல்லோருக்கும் முந்தி வந்தது மாயாண்டி கங்காணிதான். அவர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

நாலைந்து நாள் கழித்துப் போடி ஆஸ்பத்திரிக்கு அவளைப் பார்க்கப் போனேன். காலில் மாவுக்கட்டு. பகல் வேளை, வார்டு பூராவும் வெயில். காலையில் கூப்பிட்டது நீதானா என்று கேட்டேன். ஆமாம், குறுக்குப் பாதையில் வந்து வழுக்கி விழுந்ததும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சத்தம் கேட்டது, இரண்டு தடவை கூப்பிட்டேன், மூன்றாவதுக்கு மூச்சு இல்லை என்றாள். நான் ஜன்னலைச் சாத்தியதைச் சொன்னேன். என்னை மன்னித்துக்கொள் என்றேன். அவள் என் கையைப் பிடித்துத் தடவிக்கொடுத்தாள்.

"நானா இருந்தாலும் பதில் குடுத்திருக்க மாட்டேன் டீச்சர்."

அது ஆறுதலா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பேச்சை மாற்றுவதற்காக, அன்றைக்கு நீ பாடியதைக் கேட்டுத்தான் வந்தோம், அந்த நிலைமையிலும் எப்படி அவ்வளவு சுத்தமாகப் பாடினாய் என்றேன். 

"நான் எங்க பாடுனேன்? மூணாவதுக்குப் பாடலாம்னு மூச்சப் புடிச்சிக்கிட்டுக் கெடந்தேன். நீங்க மூணாவது கூப்புடவே இல்லியே."

அப்படியானால் பதில் பாடியது யார் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"எனக்கும் கேட்டுச்சு. எங்கிட்டக்கவே இருந்து கேட்டுச்சு. டீச்சர்தான் எறங்கி வந்துட்டீகன்னு நெனச்சேன்" என்றாள்.

அடுத்த கட்டிலில் யாரோ ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். அதற்குப் பிறகு இதைப் பற்றி நாங்கள் பேசவில்லை. சிஸ்டரிடம் நான் சொல்லவும் இல்லை. அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்தார்.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு அந்தப் பாட்டைப் பாட ஆண்கள் ஒருவரும் சம்மதிக்கவில்லை. சிஸ்டர் மறுவருஷம் கல்யாணமாகிப் போனார். நான் எண்பதுகளின் நடுவில் போடிக்கே மாற்றலாகி வந்துவிட்டேன். புத்தகப் பெட்டியை மீதிக் கரையான் தின்றிருக்கும். சர்ச்சின் தகரத்தை ஒரு காற்றுமழை கொண்டுபோனது. பள்ளிக்கூடம் இருந்த இடத்தில் இப்போது விருந்தாளிகள் தங்கும் ஓட்டல் ஒன்று நிற்கிறது, சரிவைப் பார்த்த மாதிரி கண்ணாடி ஜன்னல் வைத்து. காடு பூராவும் செல்போன். முதல் மணிக்கே எடுத்து ஹலோ என்கிறார்கள். மூன்றாவது வரை யாரும் காத்திருப்பதில்லை.

காத்திருந்தது எஸ்தர் ஒருத்திதான். பின்னாளில் அவளும் புருஷனோடு போடிக்கு இறங்கி வந்து, எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்தாள். காலை லேசாக இழுத்து நடந்து வருவாள். நான் வாசலில் எதிரே நின்றாலும் சரி, கேட்டுக்கு வெளியே நின்று மூன்று தடவை "டீச்சர்" என்பாள். நானும் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்று, மூன்றாவதுக்குத்தான் "வா எஸ்தர்" என்பேன். என் மகளுக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தெரிந்தது. போன வருஷத்துக்கு முந்தின வருஷம், ஐப்பசி மழையில், எஸ்தர் போய்விட்டாள்.

பிரிட்ஜுக்கு அடியிலிருந்து குமிழை எடுத்த அன்று மத்தியானம், அந்தப் பாட்டை மறுபடி போட்டேன். ஆண்கள் ஒரு தடவை கூப்பிட்டார்கள். இரண்டாவது தடவையும் கூப்பிட்டு முடிக்கிற இடத்தில், பதில் வருவதற்கு முந்தி, போனை நிறுத்தினேன். வீடு வெறிச்சென்று இருந்தது. அவள் அந்த ஓடைத் தண்ணீரில் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்துக்கிடந்த மூன்றாவது கூப்பாட்டை நாங்கள் கடைசிவரை கூப்பிடவே இல்லை. அதை அந்த மத்தியானம் நான் கூப்பிட்டேன். சத்தமாகத்தான் கூப்பிட்டேன். பதிலுக்காகக் கொஞ்ச நேரம் நின்றிருந்துவிட்டு, கீரையை அடுப்பில் போட்டேன்.